கிலோமீட்டருக்கு ஒரு ரூபாயா? மின்சாரக் கார் கணக்கைக் கூட்டிப் பாருங்கள்

மின்சாரக் கார் என்றதும் விற்பவர்கள் முதலில் சொல்வது, "கிலோமீட்டருக்கு ஒரே ரூபாய்தான் செலவு" என்பதாகும். தாராவி முதல் டோம்பிவிலி வரை நம்மவர்கள் வாயிலும் இப்போது இந்தப் பேச்சுத்தான். டாக்சி ஓட்டுகிறவர்கள் கேட்கிறார்கள். ஆபீஸ் வேலையில் இருப்பவர்களும் கேட்கிறார்கள். பெட்ரோல் பங்கில் நூறு ரூபாய் நோட்டை நீட்டினால் ஒரு லிட்டர்கூட வராத ஊரில், அந்தப் பேச்சுக்கு மயங்காதவர் யார்?

அது பொய்யல்ல. ஆனால் பாதிக் கணக்கு. மீதிப் பாதி இரண்டு இடங்களில் ஒளிந்திருக்கிறது. ஒன்று, காருக்கோ அதன் பேட்டரிக்கோ மாதாமாதம் கட்ட வேண்டிய வாடகை. மற்றொன்று, ராத்திரி வண்டியை எங்கே நிறுத்தி, யாருடைய பிளக்கில் சொருகப்போகிறோம் என்பது. இந்த இரண்டையும் கேட்காமல் கையெழுத்துப் போட்டால், மிச்சம் என்று நினைத்தது கடனாக முடியும்.

மின்சாரச் செலவு

எடுத்துக்காட்டாக, 2024 செப்டம்பரில் விற்பனைக்கு வந்த எம்.ஜி. விண்ட்சர் காரை எடுத்துக்கொள்வோம். அதன் பேட்டரி 38 யூனிட் பிடிக்கும். ஒரு முறை நிரப்பினால் 332 கிலோமீட்டர் ஓடும் என்பது கம்பெனியின் கணக்கு. அது சோதனையில் கிடைத்த கணக்கு. சயான் சர்க்கிளில் ஏ.சி. போட்டுக்கொண்டு நகராமல் நிற்கும் நேரம் அதில் சேராது. யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வதுதான் நமக்குப் பாதுகாப்பு.

இன்னொன்று. மீட்டரில் ஓடுகிற மின்சாரம் முழுவதும் பேட்டரிக்குப் போய்ச் சேராது. ஒரு பகுதி சூடாகிக் கழிந்துவிடும். ஆகவே மீட்டர் கணக்கில் யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் என்று கொள்வோம்.

வீட்டு மீட்டரில் யூனிட் 8 ரூபாய் என்றால், கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 33 பைசா ஆகும். விற்பவர் சொன்னது ஏறக்குறைய சரியாகிவிட்டது. ஆனால் அதே காரைச் சாலையோரத்தில் உள்ள வேக சார்ஜரில் போட்டால் என்ன ஆகும்? அங்கே 18 சதவீத ஜி.எஸ்.டி. வரியும் சேரும். எல்லாம் சேர்த்து யூனிட் 20 ரூபாய் என்று வைத்தால், கிலோமீட்டருக்கு 3 ரூபாய் 33 பைசா.

இப்போது சி.என்.ஜி. வண்டியைப் பாருங்கள். கிலோ 80 ரூபாய், ஊருக்குள் கிலோவுக்கு 24 கிலோமீட்டர் என்று போட்டால், அதுவும் கிலோமீட்டருக்கு 3 ரூபாய் 33 பைசாதான்! அதாவது வெளிச் சார்ஜரை மட்டும் நம்பி ஓட்டுகிற மின்சாரக் காரும், இன்று ஓட்டுகிற சி.என்.ஜி. காரும் எரிபொருள் செலவில் ஒன்றுதான். பெட்ரோல் வண்டிதான் மோசம். லிட்டர் 104 ரூபாய், 15 கிலோமீட்டர் என்றால், கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 93 பைசா.

விலைகளை நான் கணக்குக்காக வைத்திருக்கிறேன். உங்கள் கரண்டு பில்லையும், உங்கள் பங்கின் போர்டையும் பார்த்து மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். தொகை மாறும், பாடம் அதிகம் மாறாது.

மாதம் 25 நாள், நாளுக்கு 120 கிலோமீட்டர் ஓட்டுகிற டாக்சிக்காரருக்கு 3,000 கிலோமீட்டர் ஆகிறது. சி.என்.ஜி. செலவு 10,000 ரூபாய். வீட்டுப் பிளக் இருந்தால் மின்சாரச் செலவு 4,000 ரூபாய். மாதம் 6,000 ரூபாய் மிச்சம். பிளக் இல்லாவிட்டால் மிச்சம் சைபர். மேற்கொண்டு, சார்ஜரின் முன்னால் ஒரு மணி நேரம் காத்துக்கிடக்க வேண்டும். சி.என்.ஜி. வரிசையும் லேசுப்பட்டதல்ல என்பது உண்மை. 2025 நவம்பரில் எரிவாயுக் குழாய் சேதமடைந்து பங்குகள் மூடிக்கிடந்தபோது ஓட்டுநர்கள் பட்ட பாடு நமக்கு மறக்கவில்லை.

அந்த 6,000 ரூபாயை வைத்து என்ன வாங்கலாம்? ஐந்து வருடத் தவணை, 9½ சதவீத வட்டி என்றால், ஒரு லட்சம் கடனுக்கு மாதம் 2,100 ரூபாய் கட்ட வேண்டும். ஆகவே மின்சாரக் காருக்கும் சி.என்.ஜி. காருக்கும் விலை வித்தியாசம் 3 லட்சத்துக்குள் இருந்தால்தான் தவணைக் காலத்தில் கைக்கும் வாய்க்கும் சரியாக இருக்கும். லாபம் என்பது ஆறாவது வருடத்தில்தான்.

பேட்டரிக்குத் தனி வாடகை

இந்த விலை வித்தியாசத்தைக் கண்டு ஆட்கள் பின்வாங்குகிறார்கள் என்று, கம்பெனிகள் ஒரு வழி கண்டுபிடித்தன. காரை மட்டும் விலைக்குக் கொடுத்துவிட்டு, பேட்டரியை வாடகைக்குக் கொடுப்பது. விண்ட்சர் வந்தபோது பேட்டரியுடன் ஆரம்ப விலை 13 லட்சத்து 50 ஆயிரம். பேட்டரி இல்லாமல் 9 லட்சத்து 99 ஆயிரம். பேட்டரிக்கு, ஓடுகிற கிலோமீட்டருக்கு 3 ரூபாய் 50 பைசா வாடகை. அதே கம்பெனியின் சிறிய கார் காமெட். அதற்குப் பேட்டரி இல்லாமல் 4 லட்சத்து 99 ஆயிரம், வாடகை 2 ரூபாய் 50 பைசா என்று அறிவித்தார்கள். பிறகு கட்டணங்கள் மாறியிருக்கின்றன. ஆகவே வாங்கும் அன்று உள்ளதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது 3 ரூபாய் 50 பைசா. சின்ன எழுத்தில் இருப்பது, மாதம் குறைந்தது 1,500 கிலோமீட்டருக்கு வாடகை கட்டியாக வேண்டும் என்ற நிபந்தனை. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் 5,250 ரூபாய். மின்சாரம் தனி.

இதில் யாருக்கு லாபம்? பேட்டரிக்கான மூன்றரை லட்சத்தையும் கடனாக வாங்கியிருந்தால், மேலே சொன்ன கணக்குப்படி மாதத் தவணை 7,350 ரூபாய். வாடகை முறையில் 2,100 கிலோமீட்டர் ஓடினால் அதே 7,350 ரூபாய் வந்துவிடுகிறது. ஆக 1,500 கிலோமீட்டருக்கும் 2,100 கிலோமீட்டருக்கும் நடுவில் ஓட்டுகிறவருக்கு மாதச் சுமை கொஞ்சம் குறைவு. அதற்கு மேல் ஓட்டுகிறவர் நஷ்டப்படுகிறார். 3,000 கிலோமீட்டர் ஓட்டினால் வாடகையே 10,500 ரூபாய். தவணை ஐந்து வருடத்தில் முடிந்துவிடும். வாடகை நடந்துகொண்டே இருக்கும்.

வாடகையையும் வெளிச் சார்ஜரையும் கூட்டினால் கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 83 பைசா. பெட்ரோல் 6 ரூபாய் 93 பைசா. பத்துப் பைசா வித்தியாசத்துக்காகப் பச்சை நம்பர் பிளேட் மாட்டிக்கொள்வது அவரவர் விருப்பம்.

அண்ணாச்சி கொண்டுவந்த பத்திரம்

ஆன்டாப்ஹில்லில் இருபத்தைந்து வருடமாக டாக்சி ஓட்டுகிற திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர், சில மாதங்களுக்கு முன் ஒரு பத்திரத்தை எடுத்துக்கொண்டு என்னைத் தேடி வந்தார். ரெயில்வேயில் குமாஸ்தா வேலை என்பதால், ஆங்கிலத்தில் எந்தக் காகிதம் வந்தாலும் நான் படித்துச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் பகுதியில் எழுதாத சட்டம்.

"தம்பி, முன்பணம் ரொம்ப இல்ல. காரு அவன் குடுக்கான். இன்சூரன்சு, ரிப்பேரு எல்லாம் அவன் பாடுங்கான். கையெழுத்தப் போட்டுருவமா?" என்று கேட்டார்.

படித்துப் பார்த்தேன். கார் முழுவதும் குத்தகை. நாளுக்கு ஆயிரம் ரூபாய். மாதத்துக்கு முப்பது நாளும் கட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, பொங்கல், காய்ச்சல் எதற்கும் விலக்கு இல்லை. மூன்று வருடம் முடியும் முன் விட்டுப்போனால் டெபாசிட் கிடையாது. வண்டி ஒர்க்ஷாப்பில் நிற்கும் நாளுக்கு வாடகை உண்டா இல்லையா என்பதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

"ராத்திரி வண்டிய எங்க நிறுத்துவீங்க அண்ணாச்சி?"

"ரோட்டுலதான். இந்த ஊருல வேற எங்கன நிறுத்த?"

அங்கேயே கணக்கு முடிந்துவிட்டது. ரோட்டில் நிறுத்துகிறவருக்கு வெளிச் சார்ஜர்தான் கதி. மாதம் 30,000 வாடகை, 10,000 மின்சாரம். அவர் இப்போது ஓட்டுகிற சி.என்.ஜி. வண்டிக்கு இன்னும் இரண்டு தவணைதான் பாக்கி. அது முடிந்தால் அந்த வண்டி அவருடையது. மகளின் நர்சிங் படிப்புக்குப் பணம் கட்ட வேண்டிய நேரத்தில், கடன் இல்லாத வண்டியை விட்டுவிட்டு, சொந்தமே ஆகாத வண்டிக்கு முப்பதாயிரம் கட்டப் புறப்பட்டார்.

அந்த நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். "ஒர்க்ஷாப் நாளுக்கு வாடகை இல்லை, சார்ஜ் செய்ய உங்கள் கொட்டகையில் இடம் தருகிறோம், இந்த இரண்டையும் எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டுப் பார்க்கும்படி சொன்னேன். வாயால் சொன்னார்களாம், எழுதித் தரவில்லை. அண்ணாச்சியும் கையெழுத்துப் போடவில்லை.

வாடகை, தவணை, குத்தகை மூன்றும் நம்மவர்கள் பேச்சில் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. தவணை என்றால் கடைசியில் வண்டி நமக்கு. குத்தகை என்றால் ஆர்.சி. புத்தகம் அவர்கள் வசம், ஸ்டியரிங் நம் வசம். இந்த ஊர் பகடி வீடுகளில் இருப்பவர்களுக்கு இது விளங்கும். ஆண்டுக்கணக்கில் குடியிருந்து, ஓட்டை அடைத்து, சுண்ணாம்பு அடித்தாலும் கட்டடம் வேறொருவருடையது.

குத்தகையே கெட்டது என்று சொல்ல வரவில்லை. பெஸ்ட் நிறுவனமே குத்தகையில்தான் மின்சார பஸ்களை ஓட்டுகிறது. 2023 பிப்ரவரியில் வந்த ஏ.சி. மாடி பஸ்களும் அப்படித்தான். நம் சென்னை அசோக் லேலண்டின் துணைக் கம்பெனியான ஸ்விட்ச் செய்தவை அவை. பஸ்சும் டிரைவரும் குத்தகைக்காரர் பொறுப்பு. ஓடுகிற கிலோமீட்டருக்கு பெஸ்ட் பணம் கொடுக்கும். ஓடினால்தான் பணம். தனி ஓட்டுநருக்கோ, ஓடாவிட்டாலும் வாடகை. கணக்கு அங்கேதான் வேறுபடுகிறது.

குத்தகைக்குக் கொடுத்தவன் முறிந்துபோனால் என்ன ஆகும் என்பதற்கு ப்ளூஸ்மார்ட் சாட்சி. டெல்லியிலும் பெங்களூரிலும் மின்சார டாக்சிகளை ஓட்டிய கம்பெனி அது, மும்பைக்கும் வந்தது. அதன் கார்களில் பெரும் பகுதி ஜென்சோல் என்ற கம்பெனியிடமிருந்து குத்தகைக்கு வந்தவை. 2025 ஏப்ரல் 15 ஆம் தேதி செபி, ஜென்சோல் மீது நடவடிக்கை எடுத்தது. கார் வாங்க என்று பெற்ற கடன் வேறு வழியில் போனதாகச் சொல்லப்பட்டது. அடுத்த சில நாட்களில் டாக்சிகள் நின்றன. கார் கம்பெனியுடையது என்பதால், ஆயிரக்கணக்கான ஓட்டுநர்கள் ஒரே வாரத்தில் கையில் வண்டி இல்லாமல் நின்றார்கள்.

குமாஸ்தா கார் வாங்கலாமா?

என்னைப் போன்றவர்கள் கதை வேறு. வேலைக்கு லோக்கல் ரெயில். சட்டைப்பையில் சீசன் டிக்கெட். கார் என்பது ஞாயிற்றுக்கிழமை செம்பூருக்கும் மாதுங்காவுக்கும், மாதம் ஒரு கல்யாணத்துக்கும்தான். மாதம் 300 கிலோமீட்டர் ஓடினால் அதிகம்.

பெட்ரோல் காராக இருந்தால் 20 லிட்டர், 2,080 ரூபாய். மின்சாரக் காராக இருந்து வீட்டில் சார்ஜ் செய்தால் 400 ரூபாய். மிச்சம் 1,680 ரூபாய். ஆனால் மின்சாரக் காரின் விலை 3 லட்சம் அதிகம் என்றால், அதற்குத் தவணை மட்டும் 6,300 ரூபாய்! பேட்டரி வாடகை முறையில் வாங்கினாலோ 5,250 ரூபாய் வாடகையும் 400 ரூபாய் மின்சாரமும் சேர்ந்து 300 கிலோமீட்டருக்கு 5,650 ரூபாய். கிலோமீட்டருக்கு 18 ரூபாய் 83 பைசா. அந்தக் காசுக்கு டாக்சியில் போய்விட்டு, பார்க்கிங் தேடும் கவலையும் இல்லாமல் வரலாம்.

ஊருக்கு ஓட்டிக்கொண்டு போகலாமே என்பார்கள். திருநெல்வேலி ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர். இந்த அளவு பேட்டரியில் ஒரு நிறுத்தத்துக்கும் அடுத்த நிறுத்தத்துக்கும் நடுவில் 180 கிலோமீட்டர் என்று வைத்தால், வழியில் எட்டு இடத்தில் ஏறக்குறைய ஒவ்வொரு மணி நேரம் நிற்க வேண்டும். எல்லாம் வெளிச் சார்ஜர் விலை. நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் படுத்துக்கொண்டு போகிறவன் கொடுத்துவைத்தவன். (ரெயில்வேக்காரன் வேறு என்ன சொல்வான் என்று கேட்காதீர்கள்.)

சலுகைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மின்சாரக் காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான், 2019 ஆகஸ்டு முதல் இப்படி. மராட்டிய அரசின் 2025 மின்வாகனக் கொள்கை, மோட்டார் வாகன வரியிலும் பதிவுக் கட்டணத்திலும் விலக்குத் தருகிறது. 2030 மார்ச் வரை அந்தக் கொள்கைக்குக் காலம். அடல் சேதுவில் மின்சாரக் கார்களுக்கு 2025 ஆகஸ்டு முதல் சுங்கம் இல்லை. சாலை வரி விலக்கு சின்னத் தொகை அல்ல. வண்டியைத் தமிழ்நாட்டில் பதிவு செய்வதா, இங்கே பதிவு செய்வதா என்று யோசிப்பவர்கள் இரு மாநில விதிகளையும் கேட்டு முடிவு செய்யலாம்.

கடன் வட்டிக்கு ஒன்றரை லட்சம் வரை வருமான வரியில் கழிக்கலாம் என்று ஏஜெண்டு சொன்னால், நம்ப வேண்டாம். 2023 மார்ச் 31 ஆம் தேதிக்குள் அனுமதிக்கப்பட்ட கடனுக்குத்தான் அது. காலம் முடிந்த டிக்கெட்டை விற்கிறார்.

பிளக்குக்குச் சண்டை

எல்லாக் கணக்கும் வீட்டுப் பிளக்கில் வந்து நிற்பதால், அதைப் பற்றி விரிவாகவே சொல்லலாம். ஏ.சி. போடுகிற சாதாரணப் பெரிய பிளக்கில் 38 யூனிட் பேட்டரி நிரம்ப 13 மணி நேரத்துக்கு மேல் ஆகும். சுவரில் மாட்டும் 7.4 கிலோவாட் சார்ஜர் என்றால் ராத்திரி சாப்பிட்டுவிட்டுச் சொருகி, காலையில் எடுத்துவிடலாம். டாக்சிக்காரருக்கு இது கட்டாயம். ஆபீஸ்காரருக்குச் சாதாரணப் பிளக்கே தாராளம்.

சாலிலும் ரோட்டிலும் நிறுத்துகிறவர்களுக்கு வழி இல்லை. மாடியிலிருந்து ஜன்னல் வழியாக ஒயர் இறக்கிச் சொருகுவது உயிருக்கு ஆபத்து. மழைக் காலத்தில் கேட்கவே வேண்டாம். சொசைட்டியில் இருப்பவர்களுக்கு வழி உண்டு, ஆனால் செக்ரட்டரியைத் தாண்ட வேண்டும். "பழைய ஒயரிங், லோடு தாங்காது" என்பார். பல கட்டடங்களில் அது உண்மையும்கூட. ஆனால் இப்போது சட்டம் நம் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு மின் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியது. அதன்படி சொசைட்டியில் குடியிருப்பவர், மின்வாகனம் சார்ஜ் செய்யத் தனி மின் இணைப்புக் கேட்டு வாங்கலாம். கமிட்டிக்கு மனு எழுதும்போது இந்த விதியைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

தனி மீட்டரால் இன்னொரு நன்மை. மராட்டியத்தில் மின்வாகன சார்ஜுக்குத் தனிக் கட்டண வகை இருக்கிறது. வீட்டு மீட்டரிலேயே மாதம் 500 யூனிட் கூடுதலாக ஓட்டினால், அது உயர்ந்த படிக்கட்டுக் கட்டணத்தில் போய் விழும். 8 ரூபாய் என்று நாம் போட்ட கணக்கே கலைந்துவிடும்.

பேட்டரியின் ஆயுள்

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு ஒரு செய்தி. சாலக்குடியிலும் கோயம்புத்தூரிலும் தொழில் நடத்திய எட்டி கம்பெனி, 1993 லேயே 'லவ் பேர்ட்' என்ற இரண்டு பேர் உட்காரும் மின்சாரக் காரைச் செய்து காட்டியது. 2001 இல் பெங்களூரிலிருந்து ரேவா வந்தது. அவற்றில் இருந்தவை கனத்த ஈய பேட்டரிகள். சில வருடங்களில் மாற்றியாக வேண்டும். இப்போது வருபவை லித்தியம் பேட்டரிகள். 8 வருடம் அல்லது 1 லட்சத்து 60 ஆயிரம் கிலோமீட்டர் உத்தரவாதம் என்பது பல கம்பெனிகளின் வழக்கம். மாதம் 3,000 கிலோமீட்டர் ஓட்டும் டாக்சிக்கு அந்தக் கிலோமீட்டர் நாலரை வருடத்துக்குள் தீர்ந்துவிடும். டாக்சியாக ஓட்டினால் உத்தரவாதமே வேறு என்றும் பத்திரத்தில் இருக்கலாம்.

மற்றபடி பராமரிப்பு லேசு. என்ஜின் ஆயில் இல்லை, கிளட்ச் இல்லை. பிரேக் தேய்மானமும் குறைவு. நம் புதிய லோக்கல் ரெயில்கள் வேகத்தைக் குறைக்கும்போது மின்சாரத்தைத் திருப்பி அனுப்புவதுபோல, இந்தக் கார்களும் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். பேட்டரியால் வண்டி கனமாவதால், டயர் செலவுக்கு மட்டும் கொஞ்சம் எடுத்துவைக்க வேண்டும்.

இன்சூரன்சில் ஒரு சலுகை உண்டு. மூன்றாம் நபர் பிரீமியத்தில் 15 சதவீதத் தள்ளுபடி 2022 இல் அறிவிக்கப்பட்டது. ஆனால் வண்டியின் விலை கூடுதல் என்பதால் மொத்தப் பிரீமியம் குறைந்துவிடாது. இதில் பார்க்க வேண்டியது தள்ளுபடி அல்ல, தண்ணீர். 2005 ஜூலை 26 ஆம் தேதி மழையைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பேட்டரி காரின் அடிவயிற்றில் இருக்கிறது. ஹிந்துமாதாவிலும் கிங் சர்க்கிளிலும் வருடா வருடம் தேங்குகிற தண்ணீரில் வண்டி நின்று பேட்டரி கெட்டால், செலவு லட்சத்தில் போகும். சாதாரணப் பாலிசியில் அதற்குப் பணம் உண்டா, தனியாகச் சேர்க்க வேண்டுமா என்பதைப் பிரீமியம் கட்டும் முன்பே கேட்டு, எழுத்தில் வாங்கிவிட வேண்டும். குத்தகை வண்டியாக இருந்தால், அந்த நஷ்டம் யார் தலையில் விழும் என்பதையும் சேர்த்து.